கொடுத்தால் கல், கண்டால் பல்

என் அக்காவுக்கு ஊரில் பெயர் சுறாக்கா. அப்பாவும் அம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது அடையாள அட்டையோடு சரி. கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீரில் நனையாத ஒருத்திக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்குக் காரணம், கரையோரம் அவள் பொறுக்கிச் சேர்த்த சுறாப்பற்கள். மீன் சந்தையில் வெட்டிப்போட்ட சுறாவின் பல் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதன் என்ற ஜந்து தலையெடுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே செத்து, மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிப்போன பற்கள். எங்கள் கடற்கரையின் கோடியில் ஒரு களிமண் மேடு கடலைப் பார்த்து நிற்கிறது. மழைக்கும் அலைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழும்போது உள்ளே இருக்கும் பற்களும் சேர்ந்து விழுந்து, கூழாங்கற்களோடு கூழாங்கற்களாகக் கிடக்கும். கறுப்பாக, வழவழவென்று, பெரும்பாலும் நகம் அளவுக்குத்தான் இருக்கும். தெரியாதவர்கள் உடைந்த ஓடு என்று மிதித்துவிட்டுப் போவார்கள். நானும் மிதித்தவள்தான்.

அக்காவுக்கு டிரைகிளீனிங் கடையில் வேலை. முன்பக்கம் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை இல்லை. பின்கட்டில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், கறை எடுக்கும் வேலை. மேஜை மேல் வரிசையாகப் புட்டிகள், பல் துலக்கும் பிரஷ் போல நாலைந்து பிரஷ், காலால் அமுக்கினால் நீராவி சீறும் ஒரு குழாய். கல்யாணக் கோட்டில் கிரீஸ், பட்டுச் சட்டையில் பேனா மை, குழந்தை வாந்தியெடுத்த கம்பளி, எல்லாம் அவளிடம்தான் வரும். எந்தத் துணி வந்தாலும் எடுத்த எடுப்பில் கறையில் கை வைக்க மாட்டாள். உள்பக்கத் தையலில் ஒரு சொட்டு மருந்து விட்டு, வெள்ளைப் பஞ்சால் ஒற்றிப் பார்ப்பாள். பஞ்சில் துணியின் சாயம் ஏறினால் அந்த மருந்து வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவாள். நான் எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் அந்த மேஜையின் ஒரு ஓரத்தில்தான். எனக்குச் சோற்றில், கறை எடுக்கும் தின்னரின் வாசனை இல்லாவிட்டால் இப்போதெல்லாம் சாப்பிட்ட மாதிரியே இருப்பதில்லை.

பல் பொறுக்க ஆரம்பித்த கதை ரொம்பச் சாதாரணம். ஒரு விடுமுறை நாள், அத்தானோடு கடற்கரைக்குப் போனாள். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டவர், மணலில் உட்கார்ந்ததும் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். இவள் பொழுது போகாமல் நடந்து, கோட்டுப் பொத்தான் உடைந்து கிடக்கிறது என்று ஒன்றைக் குனிந்து எடுத்தாள். கடையில் கொண்டுபோய் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரமெல்லாம் ரம்பம் போல நுணுக்கமான வெட்டு. கரையில் இதே வேலையாகத் திரியும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்தான் அது என்னவென்று சொன்னார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அலை இறங்கும் நேரம் எப்போது என்று தபால்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவோடு கிளம்பிவிடுவாள். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள், உனக்குப் பல்லு வந்ததும் சொல்லு போச்சு என்று நான் கேலி செய்வேன். உண்மையும் அதுதான். கரையில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பல் கிடைத்தவர் சத்தம் போடக்கூடாது, உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும், மற்றவர்கள் வந்து பார்க்கலாம். அக்கா அதற்கு மேல் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். யார் கொடுத்தாலும் பல்லை வாங்க மாட்டாள். ஒருமுறை தபால்காரர் தன்னிடம் இரண்டு இருக்கிறதே என்று அழகான ஒன்றை நீட்டினார். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"குடுத்தா அது கல்லுங்க. நானா கண்டாத்தான் பல்லு."

கிறுக்கு என்று தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு மூத்தவளான அவளுக்கு எதுவுமே அவளாகப் பார்த்து எடுத்ததாக அமையவில்லை. படிப்பு இது போதும் என்று அப்பா நிறுத்தியது. வேலை மாமா சொல்லி வைத்தது. மாப்பிள்ளை அத்தை கொண்டுவந்தது. வீடு அத்தான் பேசி முடித்தது, உள்ளே அடித்திருந்த பச்சை பெயின்ட் உட்பட. எதுவும் மோசமில்லை. ஆனால் எல்லாம் அவள் கையில் வைக்கப்பட்டது. இந்த உலகத்தில் அவள் கண்ணே முதலில் பார்த்து, அவள் கையே முதலில் தொட்டது அந்த டப்பாவில் இருந்ததுதான். அதனால்தான் அந்தச் சட்டம். அது அத்தானுக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

களிமண் மேட்டின் மேலே ஒரு சாலை போகிறது. மேடு இடிந்தால் சாலையும் விழுந்துவிடும் என்று ஒரு வருஷம் லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து மேட்டின் அடியில் கொட்டினார்கள். சாலை பிழைத்தது. பற்கள் வருவது நின்றுபோனது. அக்கா வெறும் டப்பாவோடு திரும்ப ஆரம்பித்தாள். பாறை கொட்டியதால்தான் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவள் மனசு ஒப்பவில்லை. கண்ணுதான் போய்விட்டது என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கண் டாக்டரிடம் போய்ப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னபிறகும் நம்பவில்லை. கடையில் ஒரு வெள்ளைச் சட்டையில் இருந்த மஞ்சள் புள்ளியைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, அதற்காக அழுதாள். பொறுக்கப் போவதையே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். அத்தான் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவருக்கு அவள் மேல் உயிர். அதை நான் மறுக்கவே இல்லை, இனியும் மறுக்க மாட்டேன்.

கொஞ்ச நாளில் மறுபடி கிடைக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. அக்கா முகத்தில் ரத்தம் ஓடியது. அப்புறம் ஒரு காலை, அந்தப் பெரிய பல். அன்றைக்கு அத்தானும் கூடப் போயிருந்தார். அக்கா வேனிலிருந்து இறங்கி வருவதற்குள் காலாற நடக்கிறேன் என்று முன்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தாராம். தபால்காரர், ஓடை வந்து கடலில் சேரும் பக்கம் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று சொன்னாராம். அங்கே, கூழாங்கற்களுக்கு நடுவே, உள்ளங்கையை மறைக்கும் அளவுக்குக் கறுப்பாக ஒரு பல். அக்கா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தபால்காரர் கை தட்டினார். அத்தான் போட்டோ எடுத்தார். கரையில் எல்லோரும் வந்து பார்க்க, உள்ளங்கையை நீட்டியபடியே அவள் நின்ற போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழித்துவிடத்தான் நினைக்கிறேன், கை வரவில்லை.

செய்தி ஊர் நூலகம் வரைக்கும் போயிற்று. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பல்லை வைக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நூலகத்து அம்மா கேட்டார். பெட்டிக்கான அட்டையை என் கடையில் நான்தான் அச்சடித்தேன். 'இக்கரையில் கண்டெடுத்தவர்' என்று போட்டு, கீழே அக்காவின் முழுப் பெயர். தன் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததும் அக்கா வெட்கப்பட்டு, கொஞ்சம் சின்னதாகப் போடேன் என்றாள். நான் போடவில்லை.

பல்லின் மேல்பக்கம், வேர் இருக்கும் இடத்தில், ஒரு பொட்டுத் தார் ஒட்டியிருந்தது. கப்பல்களிலிருந்து வரும் தார் கரையில் எதில் வேண்டுமானாலும் ஒட்டும். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிடலாம் என்று கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். நான் மதியம் போனபோது பஞ்சில் தின்னர் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். தார் வந்தது. அதன் பின்னாலேயே கறுப்பும் வந்தது. வேறு பஞ்சு எடுத்தாள். அதுவும் கறுத்தது. பல்லின் மேல்பாதியில், கறுப்பு போன இடத்தில், சாம்பலும் வெள்ளையுமாக என்னவோ தெரிந்தது. ஊசியால் நெருடினாள். ஒழுகும் குழாயை அடைக்கப் பூசுவார்களே, அந்த மாதிரிப் பசை ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது.

மண்ணில் கிடந்ததால் ஏறிய கறையாக இருக்கும் என்று நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கறை எடுக்கறது என் பொழப்புடி. இது பிரஷ்ல அடிச்ச பெயின்ட்."

பிறகு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடல் பெயின்ட் அடிக்காது, அடித்த பெயின்டைக் கொஞ்ச நாளில் உரித்துவிடும். அப்படியென்றால் அந்தப் பல் அவள் எடுத்த அன்றைக்குக் காலையில்தான் அங்கே வந்திருக்க வேண்டும், அவளுக்கு முன்னால் காலாற நடந்துவிட்டு வந்தவர் ஒருவர்தான். இதை அவள் சொல்லவில்லை. சாயம் ஏறிய பஞ்சுகளை ஒவ்வொன்றாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தபோது அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் நானும் கூடவே போனேன். அத்தான் வேனைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். அக்கா சாப்பாட்டு மேஜையில் பல்லையும் பஞ்சையும் வைத்தாள். அத்தான் முதலில் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் பல்லைக் கையில் எடுத்துத் திருப்பினார். அவர் முகம் சிவந்தது. நான் என்னவோ வெட்கம் என்று நினைத்தேன். கோபம்! விற்றவன் மேல் கோபம். முழுக்க முழுக்க அசல், ஒட்டு வேலையே கிடையாது என்று சத்தியம் செய்து விற்றானாம் அந்தப் படுபாவி. நாளைக்கே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன் என்று குதித்தார். தான் ஏமாந்ததை எங்களிடம் முறையிடுகிறார் மனுஷன். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அக்கா சத்தமே போடாமல், "அவன் உங்கள ஏமாத்துனது இருக்கட்டுங்க," என்றாள்.

அப்போதுதான் அத்தானுக்கு உறைத்தது. உட்கார்ந்தார். நீ அப்படி வாடிப்போய்க் கிடந்ததைப் பார்க்க முடியவில்லை, ஒரு நாளாவது சிரிக்க மாட்டாயா என்றிருந்தது என்றார். தபால்காரரிடம்தான் யோசனை கேட்டாராம். விற்கிறவன் விலாசம் கொடுத்ததும் அவர்தான். எங்கே போட்டால் அலை அடித்துக்கொண்டு போகாது என்று இடம் காட்டியதும் அவர்தான்.

"கையில குடுத்தா நீ வாங்க மாட்டியேம்மா. அதனாலதான் கீழ போட்டேன்."

"வாங்க மாட்டேன்னு தெரியுமில்ல?"

அக்கா பல்லைத் தள்ளி வைத்துவிட்டு, "இது ஒண்ணுதானா?" என்று கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? பாறை கொட்டிய பிறகு கிடைத்த சின்னச் சின்னப் பற்கள், அவையும்தான். அதே ஆளிடம் ஒரு பொட்டலமாக வாங்கி, அவள் எழுந்திருப்பதற்கு முன்னால் வேனை எடுத்துக்கொண்டு போய் ஒன்றும் இரண்டுமாகக் கரையில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். எல்லாமே இல்லை, சிலது நீயாகவே எடுத்ததும் உண்டு என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் கவிழ்த்தாள். கறுப்புப் பற்கள் கலகலவென்று சிதறின. அவள் அவற்றை ஒரே டப்பாவில்தான் போட்டு வைப்பாள், பழையதும் புதியதும் ஒன்றாக. எது முதலில் கிடைத்தது, எது பின்னால் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாக இருந்ததில்லை. எல்லாம் அவளுடையதுதானே என்ற நினைப்பு.

"எதெது நீங்க போட்டது? எடுத்து வைங்க."

அத்தான் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து ஒதுக்கினார். இன்னொன்றை எடுத்தார், விளக்கில் காட்டினார், திரும்பக் கும்பலிலேயே போட்டார். முதலில் ஒதுக்கியதையும் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே தள்ளினார். அக்காவும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பஞ்சால் துடைத்தும் பார்த்தாள். சின்னப் பற்களில் பெயின்ட் இல்லை. அவையெல்லாம் அசல்தான், ஏதோ ஒரு கரையில் யாரோ பொறுக்கியவை. அதனால் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அத்தான் கடைசியில் கையை எடுத்துக்கொண்டு, "எல்லாம் பல்லுதானே, இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

அந்த வார்த்தைக்கு நான் அத்தானை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. டப்பாவில் பாதிக்கு மேல் அவள் கண்டெடுத்ததாகத்தான் இருக்கும். எந்தப் பாதி என்று இனி யாருக்கும் தெரியாது. போட்டவருக்கே தெரியாது. கூட வைத்த பொய், முன்னால் இருந்த நிஜத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அக்கா பற்களை அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். அடுப்பில் வைத்திருந்தது தீயும் வாசனை வந்தது. போய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் தபால்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் உபசரித்து, டீ கொடுத்து, மனைவி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா என்று நியாயம் பேசியிருக்கிறார். அன்றைக்குக் கரையில் கை தட்டியபோதும் உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டாளாம். தெரியும் என்றாராம். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வருகிற வழியில் நூலகத்துக்கும் போய், அந்தப் பல் கடையில் வாங்கியது, இந்தக் கரையில் கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டாள். அட்டையை நான் கிழித்தேன்.

ஊர் முழுக்க அத்தான் பக்கம். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள் எங்கள் தெருப் பெண்கள். என் வீட்டுக்காரர் ஒரு முழம் பூ வாங்கிவர மாட்டார், இவர் கடற்கரையையே அலங்கரித்திருக்கிறாரே என்று ஒருத்தி என் கடைக்கே வந்து சொன்னாள். அவள் கேட்ட நகலை வேண்டுமென்றே மங்கலாக எடுத்துக் கொடுத்தேன். அன்பு என்று ஒரு பெயரை வைத்துவிட்டால் இவர்களுக்கு எதுவும் சரிதான். அக்கா முழங்கால் வலிக்கக் குனிந்து, கடவுளே என்று நெஞ்சு அடைத்து எடுத்த ஒவ்வொரு தடவையும், பின்னால் ஒருவர் எல்லாம் தெரிந்தே ரசித்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வேன் சாவி எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுத்தாள். அத்தான் எல்லாம் ஆறிப்போயிற்று என்றே நம்பிவிட்டார். ஒரு நாள் நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு பிரமாதம் என்றார் அத்தான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நல்லா இருக்குன்னு நீங்க இத்தன வருஷமா சொன்னதெல்லாம் இப்படித்தானா?"

அத்தான் பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். நானும்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம் கடல் ஒரு வாரம் மூர்க்கமாக அடித்தது. பாறைகள் புரண்டு, களிமண் மேட்டில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அக்காவைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளப்பினேன். வேண்டாம் என்றாள், பஸ்ஸில் ஏறிய பிறகும் வேண்டாம் என்றாள். அத்தானிடம் மூச்சு விடவில்லை. வேறு யாருக்கும் நாங்கள் போவது தெரியாது. நல்ல வெயில், கரையில் ஆளே இல்லை. முன்பெல்லாம் மணலைவிட்டுப் பார்வையை எடுக்காதவள், அன்றைக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

சரிந்த மேட்டின் அடியில், அப்போதுதான் பிளந்த ஈரக் களிமண்ணில், கறுப்பாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் மண்ணுக்குள். பக்கத்தில் மனிதக் காலடியே இல்லை. மண்ணோடு மண்ணாக இறுகிப் பதிந்திருந்தது, யாரும் கொண்டுவந்து செருகியிருக்கவே முடியாது. என் கை பரபரத்தது, ஆனால் தொடவில்லை. இது அவள் பார்க்க வேண்டியது, அவள் எடுக்க வேண்டியது. பல் என்ற வார்த்தையைச் சொல்லாமல், இங்கே கொஞ்சம் வா என்று மட்டும் கூப்பிட்டேன்.

வந்தாள். பல்லைப் பார்த்தாள். குனியவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், துணியில் கறையைப் பார்ப்பது போல.

"நீயா போட்டே?"

இல்லை என்றேன். மண்ணைப் பார், காலடியைப் பார் என்றேன். அப்பா மேல், அம்மா மேல், எல்லோர் மேலும் ஆணையிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி சரி என்று என் தோளைத் தட்டிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். ரொம்ப தூரம் போன பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதடி. நீ போட்டிருந்தாலும் இல்லேன்னுதானே சொல்லுவே."